குள்ளர்களுக்கு நம்பிக்கைகள் உருவாக்குவது எப்படி: கற்பனை உலகம் எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

தாடி, கோடாலி, பீர், தங்க வெறி. கற்பனைக் கதைகளில் வரும் குள்ளர்கள் பெரும்பாலும் இந்த நான்கோடு முடிந்துவிடுகிறார்கள். முதல் அத்தியாயம் வரைக்கும் படிக்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும். அப்புறம் அந்தப் பாத்திரம் கோபப்படுவது, குடிப்பது, சத்தியம் செய்வது எல்லாமே ஏற்கெனவே எங்கோ பார்த்ததாகத் தெரிய ஆரம்பித்துவிடும். காரணம், அவர்களுக்கு உடை இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, பயம் இல்லை. ஒரு கூட்டம் எதைக் கண்டு நடுங்குகிறது என்று தெரியாமல் அது எதைக் கும்பிடுகிறது என்று எழுத முடியாது.

அதனால் இந்த வழிகாட்டி சாவிலிருந்து தொடங்குகிறது. முதலில் உங்கள் குள்ளர்கள் எப்படியெல்லாம் சாகிறார்கள் என்று பார்ப்போம், பிறகு அதைப் பற்றி என்ன கதை சொல்லிக்கொள்கிறார்கள், அதன் பிறகு காரணம் மறந்துபோன பின்னும் பழக்கத்தில் எதை விடாமல் செய்கிறார்கள். கடவுள்களின் பெயர்ப் பட்டியல் கடைசியில் வந்தால் போதும், வராமலே போனாலும் குடிமுழுகிவிடாது. உதாரணத்துக்கு ஆழ்வாய் என்று ஒரு மலைக்குள் ஊரைப் போகிற போக்கில் கட்டிக்கொண்டே போகிறேன்.

முதல் படி: மலை எந்த மலை?

"மலைக்கு அடியில் வாழ்கிறார்கள்" என்பது போதாது. என்ன பாறை, எவ்வளவு ஆழம், தண்ணீர் உண்டா, காற்று எந்த வழியாக வருகிறது, இந்த நாலு கேள்விக்கும் விடை வேண்டும்.

ஆழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூமிக்குள் இறங்க இறங்க, பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடும். தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கம் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழம். அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுகிறது, மேலிருந்து பனிக்குழம்பு அனுப்பித்தான் மனிதர்கள் வேலை செய்யும் அளவுக்குக் குளிர வைக்கிறார்கள். ஆக, ரொம்ப ஆழத்தில் வாழும் குள்ளர் கம்பளியும் தோல் கவசமும் போட்டுக்கொண்டு திரிந்தால் வெந்து செத்துப்போவார். ஆழக் குள்ளர்கள் அரை நிர்வாணமாக இருப்பார்கள், முகப்புக்குப் பக்கத்தில் வாழ்பவர்கள்தான் கம்பளி போர்த்துவார்கள். இந்த ஒரு விஷயத்திலேயே ஒரு சாதிப் பிரிவினை முளைத்துவிடுகிறது பாருங்கள்: போர்த்தியவர், போர்த்தாதவர்.

பாறையும் குணத்தை மாற்றும். போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கத்தில் தரைக்குக் கீழே சுமார் 100 மீட்டரில் ஒரு முழுத் தேவாலயத்தையே உப்பில் செதுக்கியிருக்கிறார்கள், தொங்கும் சரவிளக்குகள்கூட உப்புப் படிகங்கள்தான். துருக்கியில் டெரின்குயு என்ற நிலத்தடி நகரம் மென்மையான எரிமலைச் சாம்பல் பாறையில் ஏறத்தாழ 85 மீட்டர் வரை பல அடுக்குகளாகக் குடையப்பட்டது. அங்கே எதிரி வந்தால் உள்ளிருந்து உருட்டி அடைக்கிற வட்டக் கல் கதவுகள் இருந்தன. மென்பாறையில் வாழ்பவர்களுக்கு வீடு பெரிதாக்குவது ஒரு வார வேலை, கருங்கல்லில் வாழ்பவர்களுக்கு அது ஒரு தலைமுறை வேலை. இரண்டாமவர்கள் "எங்கள் தாத்தா குடைந்த அறை" என்று சொல்லும்போது தொனியே வேறாக இருக்கும்.

ஆழ்வாய்க்கு நான் கருங்கல்லும், நடுவில் ஓடும் ஈயமும் வெள்ளியும் கலந்த தாதுப் படிவமும் கொடுக்கிறேன். நடுத்தர ஆழம். அடியில் தண்ணீர் ஊறும், பனி உருகும் காலத்தில் பொங்கும்.

இரண்டாம் படி: சாவுப் பட்டியல்

இதுதான் முழு வேலையின் அடித்தளம், அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு தாளில் அந்த மலைக்குள் ஒருவர் எப்படியெல்லாம் சாகலாம் என்று எழுதுங்கள். கூரை சரிவது, வெள்ளம், விஷக் காற்று, வெடிக்கும் காற்று, உலைப்புகை, தூசியால் நெஞ்சு அடைப்பது, விளக்கு அணைந்து வழி தவறுவது. இவற்றில் கண்ணுக்குத் தெரியாதவை எவையோ அவற்றைச் சுற்றித்தான் நம்பிக்கை அடர்த்தியாக வளரும். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்கு விதி போடுவார்கள், தெரியாததற்கு முகம் கொடுப்பார்கள்.

காற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். கார்பன் டை ஆக்சைடு அதிகமுள்ள கெட்ட காற்று சாதாரணக் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே நாய்க்குகை என்று ஒன்று உண்டு. எரிமலை வாயு அதன் தரையோடு தேங்கி நிற்கும், அதனால் உள்ளே போகும் நாய் மயங்கி விழும், பக்கத்தில் நிற்கும் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. பழைய காலத்தில் வழிகாட்டிகள் பயணிகளுக்கு இதைக் காசு வாங்கிக்கொண்டு செய்தே காட்டினார்கள், பாவம் அந்த நாய்கள்.

இப்போது இதைக் குள்ளர்களுக்குப் பொருத்துங்கள். மூன்றரை அடி உயரமுள்ளவர் ஐந்தரை அடி மனிதரோடு ஒரு பழைய குடைவுக்குள் போகிறார். குள்ளர் சுருண்டு விழுகிறார், மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். வேதியியல் தெரியாத ஒரு சமூகம் இதிலிருந்து என்ன முடிவுக்கு வரும்? ஆழ்வாயில் இதைக் கீழ்க்கிழவி என்கிறார்கள். அவள் தரையோடு தரையாகப் படுத்திருப்பாள், எழுந்திருக்க மாட்டாள், குழந்தைகளையும் நாய்களையும் முதலில் எடுப்பாள். மனிதர்களை அவளுக்குக் கண்ணே தெரியாது. அதனாலேயே புதுக் குடைவைத் திறக்கும்போது ஒரு மனிதனை முன்னால் அனுப்பக் கூடாது, அவன் "ஒன்றுமில்லை, வாங்க" என்று கூப்பிடுவான், நம்பிப் போனால் செத்தோம். மனிதர் வாக்கை நம்பாதே என்ற ஆழ்வாய்ப் பழமொழிக்குப் பின்னால் இனவெறுப்பு கிடையாது, ஒரு வாயு இருக்கிறது. ஆனால் தலைமுறைகள் தாண்டியதும் அது நிஜமாகவே இனவெறுப்பாக மாறிவிடும். கதைக்கு இது எவ்வளவு தீனி என்று சொல்லவே வேண்டாம்.

மீத்தேன் நேர் எதிர். இலேசானது, கூரையோடு ஒட்டிக்கொள்ளும், காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். கலக்கும்போது விளக்குச் சுடரின் தலையில் ஒரு நீலத் தொப்பி தோன்றும், அனுபவசாலிகள் அதைப் பார்த்து அளவைக் கணிப்பார்கள். 1815-இல் பாதுகாப்பு விளக்கு வருவதற்கு முன்பு, இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் சில சுரங்கங்களில் இதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். தலைமுதல் கால்வரை ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, நீண்ட கழியின் நுனியில் எரியும் மெழுகுவர்த்தியோடு தரையில் ஊர்ந்து போய், கூரையில் தேங்கிய வாயுவைக் கொளுத்திவிடுவார். மற்றவர்கள் வேலைக்கு இறங்குவதற்கு முன் இது நடக்கும். முக்காடு போட்ட ஈரத்துணியில் பார்க்க அச்சு அசல் துறவி போலவே இருப்பார்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு பூசாரி கிடைத்திருக்க வேண்டும். ஆழ்வாயில் அவர் பெயர் ஈரத்தான். காலம் போகப் போக நல்ல விளக்கும் காற்று வழியும் வந்துவிட்டன, கூரையைக் கொளுத்த வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் கல்யாண வீட்டுக்கு முதலில் ஈரத்தான்தான் நுழைய வேண்டும், முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் கழியோடு, குனிந்து. கூரையைத் தொட்டுக் காட்டிவிட்டு வெளியேறிய பின்தான் மாப்பிள்ளை நிமிர்ந்து நடக்கலாம். ஏன் என்று கேட்டால் "அதுதான் முறை" என்பார்கள். இந்த "அதுதான் முறை" என்ற பதில் வருகிற இடம்தான் நாம் தேடுவது. ஒரு சடங்குக்கு எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தால் அது வெறும் பாதுகாப்பு விதி.

மற்றச் சாவுகளுக்கும் இப்படியே செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டியதில்லை, மூன்று ஆழமாக இருந்தால் போதும்.

மூன்றாம் படி: நிஜச் சுரங்கத்தார் சொன்னதைக் கேளுங்கள்

கற்பனைக் குள்ளர்களுக்கு இரண்டு மூதாதையர் உண்டு. ஒன்று நார்ஸ் புராணம், அதாவது பழைய ஸ்காண்டிநேவியர்களின் புராணம், அதற்கு அடுத்துப் போவோம். இன்னொன்று ஐரோப்பியச் சுரங்கத் தொழிலாளர்களின் பேச்சு. பலர் இந்த இரண்டாவதைத் தொடுவதே இல்லை, எனக்கு இதுதான் பெரிய புதையலாகத் தெரிகிறது.

சுரங்க ஊர் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் ஜார்ஜியஸ் அக்ரிகோலா, நிலத்தடி உயிர்களைப் பற்றி 1549-இல் எழுதியபோது மீன், வவ்வால் வகையறாக்களோடு சேர்த்துக் குட்டிப் பேய்களையும் சர்வ சாதாரணமாகப் பட்டியலில் போட்டார். ஏறத்தாழ 2 அடி உயரம், சுரங்கக்காரர் போலவே உடை, இடுப்பில் தோல். தாதுவைத் தோண்டுவதும் வாளியில் நிரப்புவதும் உருளையைச் சுற்றுவதுமாக ஓயாமல் வேலை செய்வது போல் இருக்கும், உண்மையில் ஒன்றுமே செய்திருக்காது. சில நேரம் கூழாங்கல் எறியும், கேலி செய்தாலொழிய காயப்படுத்தாது. வேலை செய்வது போல் பாவனை செய்கிற பேய்! எந்தத் தொழிலாளி இதைச் சொல்லியிருப்பான் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் தகரச் சுரங்கக்காரர்கள் பாறைக்குள்ளிருந்து தட்டும் ஓசை கேட்பதாகச் சொன்னார்கள். தட்டுபவர்களுக்குச் சாப்பாட்டின் ஓரத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு வருவார்கள். உள்ளே சீழ்க்கை அடிக்கக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் அமெரிக்கச் சுரங்கங்களுக்குக் கிளம்பியபோது தட்டுபவர்களும் கூடவே கப்பலேறிவிட்டார்கள். முக்கியமான விஷயம், தட்டுவது எதற்கு என்பதில் ஒற்றுமை கிடையாது. நல்ல தாது இருக்கும் இடத்தைக் காட்டுகிறார்கள் என்றார்கள் சிலர், கூரை சரியப் போவதாக எச்சரிக்கிறார்கள் என்றார்கள் வேறு சிலர், சரிய வைப்பதே அவர்கள்தான் என்றும் ஒரு பேச்சு இருந்தது. மரமுட்டுகளும் பாறையும் பாரம் தாங்காமல் முறிவதற்கு முன் சத்தம் எழுப்பும் என்பது உண்மைதான், ஆக எல்லோரும் ஒரே சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் ஒரே சத்தத்துக்கு மூன்று விளக்கம் வையுங்கள். ஒருமித்த கருத்துள்ள கிராமம் எந்த உலகத்திலும் கிடையாது.

இங்கே இன்னொரு திருப்பம் காத்திருக்கிறது. நம் உலகத்தில் மனிதர்கள் கீழிருந்து சத்தம் கேட்டு "குள்ளர்கள்" என்றார்கள். உங்கள் உலகத்தில் குள்ளர்கள் நிஜம். அப்படியானால் அவர்கள் சுத்தியலைக் கீழே வைத்த பிறகும் கீழிருந்து கேட்கிறதே, அது யார்? ஆழ்வாய்க்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள், பேச்சை மாற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் கதை சொல்லும் ஒரு சமூகம் ஒரே ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டால், வாசகர் அந்த இடத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்.

நான்காம் படி: தோற்றக் கதை, உள்ளிருந்து

நார்ஸ் புராணத்தில் குள்ளர்கள் எப்படிப் பிறந்தார்கள் தெரியுமா? 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஒரு வடிவத்தின்படி, யிமிர் என்ற ஆதி அரக்கனின் பிணத்தில் நெளிந்த புழுக்கள் அவர்கள். கடவுள்கள் அவற்றுக்கு அறிவும் மனித வடிவமும் கொடுத்தார்கள். அதே புராணத்தில்தான் வானத்தை நான்கு மூலையிலும் நான்கு குள்ளர்கள் தாங்கி நிற்கிறார்கள், அவர்கள் பெயர்களே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. புழுவாகப் பிறந்தவன் வானத்தைச் சுமக்கிறான், ஆனால் எந்தப் பந்தியிலும் அவனுக்கு இலை கிடையாது.

கவனிக்க வேண்டியது, இது குள்ளர்கள் சொன்ன கதையாகவே தெரியவில்லை, அவர்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னது. உங்கள் வேலை அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வார்கள் என்று எழுதுவது. இரண்டு வடிவமும் வேண்டும், வெளியார் சொல்வது ஒன்று, வீட்டுக்குள் சொல்வது ஒன்று. இரண்டும் மோதுகிற இடத்தில் உங்கள் கதாநாயகருக்கு ஒரு அவமானம் கிடைக்கும்.

ஆழ்வாய்க்கு நான் எடுத்துக்கொண்ட விதை வேறு. உலோகங்கள் பூமிக்குள் வளர்கின்றன என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். கைவிட்ட ஈயச் சுரங்கங்கள் சில காலம் கழித்து முன்னைவிட அதிகம் தருவதாகக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி எழுதியிருக்கிறார். தாழ்ந்த உலோகங்கள் மண்ணுக்குள் மெல்ல முதிர்ந்து கடைசியில் தங்கமாகின்றன என்பது ரசவாதிகள் மத்தியில் பரவலான எண்ணம். தமிழில் எழுதுகிற நமக்கு இது லட்டு மாதிரி, ஏனென்றால் பிஞ்சு, காய், கனி என்ற மொத்தப் பேச்சும் கைவசம் இருக்கிறது. ஆழ்வாய்க்காரர்களுக்கு ஈயம் பிஞ்சு, வெள்ளி செங்காய், தங்கம் பழம். மலை ஒரு மரம், தலைகீழாக வளர்வது. குள்ளர்கள் அதன் காவல்காரர்கள், சொந்தக்காரர்கள் கிடையாது. ஒரு தாதுக்கிளையை வெட்டியதும் ஒரு பகுதியை மூடிப் பழுக்கப் போட வேண்டும், ஏழு தலைமுறைக்குத் திறக்கக் கூடாது.

இப்போது தங்க வெறி என்ற பழைய முத்திரைக்கு என்ன ஆயிற்று பாருங்கள். அவர்கள் தங்கத்தை விற்கத் தயங்குவது பேராசையால் என்று மனிதர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்கோ அது அகாலத்தில் பறிக்கக் கூடாத ஒன்று. பிஞ்சு ஈயத்தைக் கூரை வேயவும் குழாய் செய்யவும் வண்டி வண்டியாகக் கேட்கும் மனித வியாபாரியைப் பார்த்து ஒரு கிழவர் காறித் துப்பினால் அதற்கு அர்த்தம் உண்டு.

ஐந்தாம் படி: பட்டறை

கைவினை பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் "மிக நேர்த்தியானது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நார்ஸ் இடிக்கடவுளான தோரின் சுத்தியல் கதையைப் பாருங்கள். புரோக் என்ற குள்ளன் துருத்தி ஊதுகிறான், அவன் சகோதரன் உலையில் வேலை செய்கிறான், ஒரு நொடிகூட ஊதுவது நிற்கக் கூடாது. இவர்களோடு பந்தயம் கட்டிய தந்திரக் கடவுள் லோகி, தோற்கக் கூடாது என்று ஈயாக வந்து முதலில் கையில் கடிக்கிறான், பிறகு கழுத்தில், மூன்றாவது முறை கண்ணிமையில். இரத்தம் கண்ணை மறைக்க, புரோக் ஒரு கணம் கையை எடுத்து ஈயை விரட்டுகிறான். அந்த ஒரு கணத்தில் சுத்தியலின் கைப்பிடி குட்டையாகிவிடுகிறது. ஆனாலும் பந்தயத்தில் அதுதான் ஜெயிக்கிறது. தலையைப் பணயம் வைத்த லோகி, தலைதான் உங்களுக்கு, கழுத்தைத் தொட உரிமையில்லை என்று வக்கீல் பேச்சுப் பேசித் தப்பிக்கிறான், கோபத்தில் புரோக் அவன் வாயைத் தைத்துவிடுகிறான்.

இதிலிருந்து வீரத்தை எடுக்காதீர்கள், ஈயை எடுங்கள். ஆழ்வாய்ப் பட்டறையில் துருத்தி ஊதுபவர் முகத்தில் எது உட்கார்ந்தாலும் விரட்டக் கூடாது, அதற்கென்றே பக்கத்தில் ஒரு சிறுவன் விசிறியோடு நிற்பான், அதுதான் பட்டறையில் முதல் வேலை. இமையில் தழும்புள்ளவருக்கு ஊரில் தனி மரியாதை. ஒப்பந்தம் எழுதும்போது "தலை" என்று எழுத மாட்டார்கள், "கழுத்தோடு சேர்ந்த தலை" என்பார்கள், அப்படியே குதிரை விற்றாலும் "வாலோடு சேர்ந்த குதிரை".

இன்னொரு உத்தியும் அங்கே கிடைக்கிறது. ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்ட குள்ளர்கள் ஆறு பொருள்களில் பட்டுப் போல மென்மையான ஒரு கயிறு செய்தார்கள்: பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில். பூனை நடந்தால் ஏன் கேட்பதில்லை, மலைக்கு ஏன் வேர் இல்லை? எல்லாம் அந்தக் கயிற்றில் செலவாகிவிட்டது. உலகத்தில் ஒன்று இல்லாமல் இருப்பதற்குக் காரணம் அது தீர்ந்துபோனதுதான் என்கிற இந்த வாதம் அபாரமானது, தாராளமாகக் கையாளுங்கள். உங்கள் குள்ளர்கள் எதைத் தீர்த்துவிட்டார்கள்? நிழலுக்கு எடை இருந்ததா? கல்லுக்குக் குரல் இருந்ததா? ஒன்று போதும், பத்து வைத்தால் சலித்துவிடும்.

ஆறாம் படி: சோறு, காலம், பிணம்

சோற்றை நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். காளான் வளர்த்துச் சாப்பிட்டார்கள் என்று ஒரு வரியில் முடிப்பது வழக்கம். காளானுக்கு மக்கும் மரமோ சாணமோ வைக்கோலோ வேண்டும், அதெல்லாம் வெயிலில் வளர்ந்தது, மேலிருந்துதான் வர வேண்டும். முட்டுக் கொடுக்க மரம் வேண்டும், உலைக்குக் கரி வேண்டும், அதற்கும் காடு. அதாவது உங்கள் குள்ளர்கள் எவ்வளவு வீறாப்புப் பேசினாலும் மேலே இருக்கும் யாரையோ நம்பித்தான் பிழைக்கிறார்கள். "எங்களுக்கு யார் தயவும் வேண்டாம்" என்று பாட்டுப் பாடிவிட்டு இரவில் தானிய மூட்டையை எண்ணும் தலைவி, பாட்டை மட்டும் பாடுகிறவளைவிட எவ்வளவோ மேல்.

காலமும் அப்படித்தான். 1962-இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் கடிகாரமில்லாமல் ஒரு குகையில் சுமார் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று வெளியே கூப்பிட்டபோது அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20 தான். சூரியன் தெரியாத ஊரில் நாள் என்பது யாரோ ஒருவர் அறிவிப்பதுதான், அறிவிப்பவரிடம் அதிகாரம் குவியும். ஆழ்வாயில் துருத்தி முறையை வைத்துக் காலம் கணிக்கிறார்கள். இரண்டு பட்டறைகளின் நாட்கணக்கு ஒத்துப்போகாததால் பாதி ஊருக்கு முதல் நாளும் மீதி ஊருக்கு மறுநாளும் பண்டிகை வருகிறது. பெரிய பண்டிகை எதுவென்றால், பனி உருகி அடித்தளத்தில் ஏறிய தண்ணீர் பழைய கோட்டுக்கு இறங்கும் நாள், அது மட்டும் யார் கணக்கிலும் சிக்காமல் தானாக வரும்.

பிணம் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தோண்டுவதே தொழிலாக இருக்கிறவர்கள் எங்கே புதைப்பார்கள்? எங்கே புதைத்தாலும் என்றாவது ஒரு பேரன் அந்த வழியாகக் குடைந்து வருவான். ஆழ்வாயில் இறந்தவரை மூடிய குடைவில் தூணோடு தூணாகக் கல்லறை கட்டி வைக்கிறார்கள், நின்ற நிலையில், கை மேலே உயர்த்தியபடி. அவர் கூரையைத் தாங்குகிறார். ஒவ்வொரு தூணுக்கும் பெயர் உண்டு, பாரத்தில் தூண் முனகினால் "தாத்தா தோள் மாற்றிக்கிறார்" என்பார்கள். நிஜச் சுரங்கங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது: தாது தீர்ந்த பகுதியை விட்டு வெளியேறும்போது, தாங்கலுக்கு விட்டுவைத்த தூண்களையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டே பின்வாங்குவார்கள். லாபம் அதிகம், ஆபத்தும் அதிகம். தூணில் நல்ல வெள்ளி இருக்கிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது, தூண் உங்கள் கொள்ளுப்பாட்டி. ஒரு நாவலுக்கு இதற்கு மேல் வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் படி: நம்பாதவரும் பயன்படுத்துபவரும்

ஓர் ஊரில் எல்லோரும் ஒரே அளவுக்கு நம்பினால் அது பொம்மை ஊர். பொலிவியாவின் பொடோசி வெள்ளிச் சுரங்கங்களில் மேலே கத்தோலிக்கராக இருப்பவர்கள் உள்ளே போனதும் எல் டியோ என்ற கொம்பு வைத்த உருவத்துக்குக் கோகா இலையும் மதுவும் சிகரெட்டும் படைக்கிறார்கள். அவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரிவதில்லை, மேலே ஒருவருடைய ஆட்சி, கீழே இன்னொருவருடைய ஆட்சி. உங்கள் குள்ளர்களுக்கும் வாசல்படி தாண்டினால் மாறுகிற ஒரு விசுவாசம் இருக்கட்டும்.

நம்பிக்கையை வைத்துப் பிழைப்பவரையும் மறக்காதீர்கள். காற்று வழியைப் பழுது பார்க்கச் செலவாகும் என்று தள்ளிப்போட்ட ஒரு குடைவுச் சொந்தக்காரர், மூன்று பேர் விழுந்ததும் "கீழ்க்கிழவி கோபமாக இருக்கிறாள், படையல் போடுங்கள்" என்று சொல்லலாம். அதை எதிர்த்து நிற்பவள் நம்பிக்கை இல்லாதவளாக இருக்க வேண்டியதில்லை. கிழவியை மனதார நம்புகிற, அதனாலேயே அவள் மேல் பழி போடுவதைப் பொறுக்காத ஒரு கிழட்டு ஈரத்தான் எதிர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரம் குறைவாக இருப்பதை நகைச்சுவைக்குப் பயன்படுத்தாதீர்கள், அது நிஜ மனிதர்களைக் குத்தும். ஆழ்வாயில் கதவுகள் சரியான அளவில் இருக்கின்றன, தலையில் இடித்துக்கொள்பவர்கள் விருந்தாளிகள்தான்.

எட்டாம் படி: கதைக்குள் இறக்குவது

இத்தனையும் கட்டிய பிறகு வருகிற பெரிய சோதனை, எல்லாவற்றையும் வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை. சொல்லாதீர்கள். ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததை விளக்கினால் அந்த இடத்திலேயே கதை படுத்துவிடும். நம்பிக்கையை ஒரு செயலாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சீழ்க்கைத் தடையை நான் இப்படி எழுதுவேன்:

உளியன் ஏணியில் இறங்கிக்கொண்டே சீழ்க்கை அடித்தான். கீழே குன்றி அத்தை கையிலிருந்த விளக்கைத் தரையில் வைத்தாள்.

"யாருடா அது?"

"நான்தான் அத்தை."

"மேல போ."

"தெரியாம அடிச்சிட்டேன் அத்தை, இனிமே..."

"மேல போடா. வாசல் வரைக்கும் ஏறு. அங்க நின்னு நல்லா மூச்சு விட்டுட்டு, புதுசா வர்றவன் மாதிரி இறங்கி வா."

ஏணி நீளமானது. அவன் ஏறினான். மற்றவர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள், கூலி போகிறதே என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒருத்தி மட்டும் தன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தூணடியில் வைத்தாள். குன்றி அத்தை தூணில் காதை வைத்துக்கொண்டு நின்றாள், அவன் திரும்பி வரும்வரை எடுக்கவில்லை.

சீழ்க்கை அடித்தால் தூண் முனகுவது காதில் விழாது என்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. கவனிக்கிற வாசகர் அந்தக் காதைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார், பிடிக்காதவருக்கும் காட்சி நடந்துவிட்டது. யாரும் யாரையும் பயமுறுத்தவில்லை, தண்டனைகூட ஒரு மரியாதையோடு இருக்கிறது. ஊர் எப்படிப்பட்டது என்று இந்தச் சில வரியில் தெரிந்துவிடும்.

பெயர் வைக்கும்போதும் இதே கணக்குதான். தொண்டையைக் கரகரவென்று அறுக்கும் அந்நிய ஒலிகள் இருந்தால்தான் குள்ளர் பெயர் என்பது ஒரு பழக்கதோஷம். உளி, உலை, துருத்தி, குன்று, தூண் எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. தமிழில் எழுதும்போது அவற்றிலிருந்தே பெயர் எடுத்தால் பாத்திரத்தின் தொழிலும் குலமும் பாதி சொல்லி முடிந்துவிடும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் குள்ளர்களை மலையிலிருந்து எடுத்து ஒரு கடற்கரையில் குடியேற்றுங்கள். அவர்களுடைய நம்பிக்கைகள் ஒன்றும் மாறாமல் அங்கேயும் பொருந்தினால் அவை மலையில் முளைத்தவை கிடையாது, திரும்ப இரண்டாம் படிக்குப் போங்கள். ஆழ்வாய்க்காரர்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் முதல் நாளே கூரை இல்லையே, யார் எதைத் தாங்குவது என்று தடுமாறிப்போவார்கள்.

ஆழ்வாயை அப்படியே எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாலும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் கருங்கல்லை மாற்றி உப்பு வைத்துப் பாருங்கள். உப்புச் சுரங்கத்துக்கு முதல் எதிரி தண்ணீர், ஒரு கசிவு போதும், சுவரே கரைந்து ஓடும். அங்கே தாத்தாக்களை நிற்கவைத்துப் புதைக்க முடியாது. கீழ்க்கிழவியின் இடத்துக்கு ஈரக் காலோடு நடந்து வரும் வேறு யாரோ வர வேண்டியிருக்கும், முக்காட்டில் தண்ணீர் சொட்டும் பூசாரியைக் கண்டால் அந்த ஊர் கல்லால் அடிக்கும்.